அந்தப் பட்டியலில் காதைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு இணைப்பில், வீட்டிலிருந்தபடியே ஹிப் ஹாப் பீட், அதாவது ராப் பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாள இசை, போடக் கற்றுக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எழுத வைத்தது அந்தக் கட்டுரைகூட இல்லை, பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, 'தேவையான கருவிகள்' என்று ஒரு பட்டியல், அதுதான். புது லேப்டாப், மிடி கீபோர்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், கண்டென்சர் மைக், சுவரில் ஒட்டுகிற ஸ்பாஞ்ச். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது.

மதுரையில் இருக்கிற என் அக்கா அந்த வாரமே போன் செய்தாள். அவள் மகன் காலேஜில் முதல் வருஷம். பட்டியலை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறானாம். "சீட்டை இந்த மாசம் தள்ளி எடுத்துடலாம்னு இருக்கேன் தம்பி" என்றாள். தள்ளி எடுத்தால் எவ்வளவு கையை விட்டுப் போகும் என்று சீட்டு கட்டுகிறவர்களுக்குத் தெரியும். எதுக்குக்கா இப்பவே, அவன் இன்னும் ஒரு பீட்கூடப் போட்டுப் பார்க்கலையே என்றேன். அதற்கு அவள் சொன்னது: "என்னடா இப்படிச் சொல்ற, பேப்பர்லயே போட்டிருக்கான்."

இந்தப் 'பேப்பர்லயே'வுக்காகத்தான் எழுதுகிறேன். நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனர், இருபது வருஷ சர்வீஸ். அச்சில் வந்ததை ஜனங்கள் எப்படி நம்புவார்கள் என்றும் தெரியும், அச்சில் எவ்வளவு தப்பு வரும் என்றும் தெரியும். ஆடி பதினெட்டில் தொடங்கி மார்கழி வரை காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கும். மற்ற மாதங்களில் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மணி நேரம் பீட் போடுவேன். 2019இலிருந்து இதுதான் வழக்கம். இதில் ஒரு பைசா சம்பாதித்தது இல்லை, உள்ளூர்ப் பையன்கள் மூன்று நான்கு பேர் என் பீட்டில் ராப் பாடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கிற பொருளில் பாதியை வாங்கிவிட்டு முழித்தவன்.

எனக்கும் தொடக்கத்தில் இதே மாதிரி ஒரு பட்டியல்தான் கிடைத்தது. ஓர் ஆன்லைன் வகுப்பு, பெயர் வேண்டாம், 12,000 ரூபாய் கட்டினேன். மொத்தம் நாற்பது வீடியோ. முதல் பதினைந்தும் என்னென்ன வாங்க வேண்டும் என்பதிலேயே போய்விட்டது. கூடவே 'டிரம் கிட்' என்று ஐயாயிரம் சத்தங்கள் அடங்கிய ஒரு கோப்பு. கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து மாதிரி பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்களே, நூறு மாதிரியையும் பார்த்துவிட்டு கடைசியில் முதலில் காட்டினதையே கேட்பார்கள், நான் அப்படி ஆகிப்போனேன். ஒரு கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) சத்தம் தேடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன், பீட் ஒன்றும் பிறக்கவில்லை. அந்த ஐயாயிரத்தில் இன்றுவரை நான் பயன்படுத்தியது பன்னிரண்டு இருக்கும். வாங்கிய மிடி கீபோர்டு இப்போது துணி காயப்போடாத குறைதான்.

ஹிப் ஹாப் எப்படிப் பிறந்தது என்பதை உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருந்தால் பட்டியல் வேறு மாதிரி வந்திருக்கும் என்பது என் எண்ணம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடியின் பொது அறை. சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கலாம் என்று ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒரு விருந்து நடத்தினாள். பாட்டுப் போட்டது அவள் அண்ணன் கிளைவ், ஊர் அறிய டிஜே கூல் ஹெர்க். பாட்டு நின்று டிரம் மட்டும் ஓடுகிற சில நொடிகளில்தான் கூட்டம் எழுந்து ஆடுகிறது என்று கவனித்திருந்தார் அந்த மனிதர். அந்தச் சில நொடியை நீட்ட அவரிடம் எந்த மெஷினும் இல்லை. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிகிறபோது இன்னொன்றில் அதே இடத்தை ஓடவிட்டார். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற லூப், இன்றைக்கு மவுஸால் இழுத்து விடுகிறோமே, அது அப்போது கையால் செய்த வேலை. முதலில் வந்தது கவனிப்பு. தங்கச்சிக்குத் துணிக்கே காசு சேர்க்க வேண்டியிருந்த வீட்டில் பட்டியல் எங்கே போட்டிருப்பார்கள்?

அப்புறம் 1987இல் எஸ்பி-1200 என்று, சத்தத்தைப் பதிந்துகொண்டு தட்டி வாசிக்கிற ஒரு மெஷின் வந்தது. நியூயார்க் பீட்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதன் நினைவகத்தில் மொத்தமே பத்து நொடிச் சத்தம்தான் கொள்ளும். பாட்டுக்கு வேண்டிய கிக், ஸ்னேர் (சுளீரென்று விழுகிற சின்ன டிரம்), பேஸ் (அடித்தொனி), எங்கிருந்தோ வெட்டியெடுத்த பியானோத் துண்டு எல்லாம் அந்தப் பத்து நொடிக்குள் அடங்க வேண்டும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 33 வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டு, குறுகிய நேரத்தில் பதிவு செய்துகொண்டு, மெஷினுக்குள் போனதும் வேகத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது. பத்து நொடி இடத்தில் பதின்மூன்று நொடிக்கு மேல் அடைத்துவிடலாம். அப்படிச் செய்யும்போது சத்தம் கொஞ்சம் கெட்டு, மணல் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு ஏறும். இன்றைக்கு அந்த மணலை மட்டும் தனியாகப் பிளக்-இன் (மென்பொருளோடு சேர்க்கிற துணைநிரல்) என்று காசுக்கு விற்கிறார்கள்!

சரி, வீட்டில் எப்படித்தான் கற்றுக்கொள்வது? எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன். பிடித்த ஹிப் ஹாப் பாட்டு ஒன்றில் ஒரே ஒரு பார் எடுத்துக்கொள்ளுங்கள் (எங்கள் ஊரில் பார் என்றால் வேறு ஞாபகம் வரும், நான் சொல்வது நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று). 90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 தட்டு) வேகத்தில் அது மூன்று நொடிகூட வராது. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். சின்னப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, வரிசைக்கு பதினாறு கட்டம் எடுத்து, கிக்குக்கு ஒரு வரி, ஸ்னேருக்கு ஒரு வரி, ஹை-ஹேட்டுக்கு (டிரம் செட்டில் இருக்கிற ஜோடித் தாளத்தட்டு) ஒரு வரி என்று பிரித்து, எந்தக் கட்டத்தில் எது விழுகிறது என்று பென்சிலால் புள்ளி வைத்தேன். பழைய பாணி பீட்டுகளில் ஸ்னேர் 5லும் 13லும் சுவரில் ஆணி அடித்த மாதிரி அப்படியே நிற்கும். கிக் மட்டும் ஊர் சுற்றும். 1, 8, 11 என்று வைத்துப் பாருங்கள், தலை தானாக ஆடும். அதே கிக்கை 1, 9 என்று வைத்தால் ஸ்கூல் பேண்டு வாத்தியம். ட்ராப் என்ற புதிய பாணி ஹிப் ஹாப் என்றால் கணக்கு வேறு, 140 என்று வேகம் வைத்துவிட்டு ஸ்னேரை 9இல் ஒன்று மட்டும் போடுவார்கள், அதனால் கேட்கிறவனுக்கு 70இல் நடக்கிற மாதிரி இருக்கும், இடைவெளியில் ஹை-ஹேட் மட்டும் மழை மாதிரி பொழியும். இதை எல்லாம் எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. கணக்கு நோட்டு சொன்னது, விலை இருபது ரூபாய்.

நோட்டில் வைத்த புள்ளியை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பாட்டில் கேட்டது வரவில்லை. எல்லாம் சரியான கட்டத்தில்தான் இருந்தது, ஆனால் பொணம் மாதிரி கிடந்தது. இது புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது, அதற்குக் காரணம் என் தொழில் என்று இப்போது நினைக்கிறேன். ஆஃப்செட்டில் நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும், ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தெல்லாம் நிழல் அடிக்கும், முதலாளி கத்துவார். இருபது வருஷம் விலகலைத் திருத்தியே பழகிய கண் எனக்கு. பீட்டில் அந்த மயிரிழை விலகலில்தான் உயிர் இருக்கிறது என்றால் எப்படி நம்புவது?

ரோஜர் லின் என்ற பொறியாளர் டிரம் மெஷின்களில் 'ஸ்விங்' என்று ஒரு வசதி வைத்தார். அவர் வடிவமைத்து 1988இல் அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி 60 வழியாக அது ஹிப் ஹாப்புக்குள் ஊறியது. கட்டங்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஜோடியில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதமாக அடிக்க வைப்பது, அவ்வளவுதான் அதன் கணக்கு. 50 என்றால் இரண்டும் சமம். 66 என்றால் கிட்டத்தட்ட திஸ்ர நடைக்கு (தட்டை மூன்றாகப் பிரிக்கிற நடை) போய்விடும். ருசி எல்லாம் நடுவில் இருக்கிறது. 90 பிபிஎம்மில் ஒரு கட்டம் 167 மில்லி நொடி. ஸ்விங்கை 54 என்று வைத்தால் இரண்டாவது தட்டு வெறும் 13 மில்லி நொடி பிந்தி விழும், 58 என்றால் 27 மில்லி நொடி. காதால் 'இது பிந்துகிறது' என்று சொல்லவே முடியாது, ஆனால் தோள்பட்டைக்குத் தெரிந்துவிடும். டெட்ராய்ட் நகரத்து பீட்காரர் ஜே டில்லா இன்னும் ஒரு படி மேலே போனவர். ஒரு வரி நேராக, ஒரு வரி ஸ்விங்கில், ஸ்னேர் கொஞ்சம் முந்தி, கிக் கொஞ்சம் தள்ளாடி என்று ஒரே பீட்டுக்குள் இரண்டு மூன்று விதமான காலத்தை ஓடவிட்டார். அதில் பெரும்பங்கு வீட்டின் அடித்தள அறையில் உட்கார்ந்து செய்த வேலை. 2006இல் 32 வயதில் இறந்துபோனார். அவருடைய எம்பிசி 3000 இன்றைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்து ஹை-ஹேட்டைக் கட்டத்தை விட்டு நகர்த்தினேன். பிறகு தட்டுகளின் பலத்தையும் மாற்றிப் பார்த்தேன், எட்டு ஹை-ஹேட்டும் ஒரே பலத்தில் அடித்தால் கடிகாரம், ஒன்று பலமாக ஒன்று மெதுவாக என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து வாசிக்கிறான். பைசா செலவில்லாத மாற்றம் இது.

சத்தத்துக்கு வருவோம். எண்பதுகளின் நடுவில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த பீட்காரர் மார்லி மார்ல், வேறு எதையோ பதிவு செய்யப் போய்த் தற்செயலாக ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து ஒற்றை ஸ்னேர் சத்தம் மாட்டிக்கொள்ள, அதை இஷ்டப்பட்ட இடத்தில் தட்டலாமே என்று கண்டுகொண்டார். டிரம் மெஷின் கம்பெனிக்காரன் கொடுத்த சத்தத்தையே நம்பியிருக்க வேண்டாம் என்று ஆனது. எனக்கு இது ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி. கைப்பேசியை எடுத்துக்கொண்டு அச்சகத்தைச் சுற்றினேன். பேப்பர் ரீமை மேசையில் படீரென்று போட்டால் நல்ல ஸ்னேர், விரல் சொடுக்கு ஒன்றைக் கூடச் சேர்த்தால் இன்னும் எடுப்பு. கட்டிங் மெஷின் இறங்குகிற சத்தத்தின் அடியை மட்டும் வெட்டி எடுத்தால் கிக். எங்கள் பக்கத்துச் சரக்கான தீப்பெட்டி, பாதி குச்சி எரிந்துபோன பெட்டியை ஆட்டினால் வருகிற ஷேக்கர் சத்தம் எந்த டிரம் கிட்டிலும் கிடைக்காது (முழுப்பெட்டி ஆகாது, குச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு சத்தம் அமுங்கிவிடும்). வெட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. சத்தம் தொடங்குகிற முனையை ஒட்டி வெட்ட வேண்டும், முன்னால் வெற்றிடம் விட்டால் தட்டு பிந்தி விழும். முடிகிற இடத்தில் இரண்டு மூன்று மில்லி நொடிக்குச் சத்தத்தைத் தேய்த்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் 'டிக்' என்று ஒரு முள் குத்தும்.

இதே தைரியத்தில் ஊர்ப் பொங்கலில் உறுமி வாசித்த அண்ணன் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கால் மணி நேரம் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போல் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டத்துக்குள் இழுத்துப் போட்டேன். உறுமி செத்துப்போனது. அதில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த உறுமல் வருகிறது, தட்டு எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைக்க இடமே கிடையாது. மூன்று ராத்திரி போராடிவிட்டு, நறுக்குவதை விட்டேன். அவர் வாசித்த நான்கு பார் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, என் கிக்கையும் ஸ்னேரையும் அவர் பின்னால் நகர்த்தினேன். கம்ப்யூட்டர் அவருக்குத் தாளம் போட்டது. இப்போதும் நான் போட்டதிலேயே உருப்படியானது அதுதான்.

உங்கள் பட்டியலில் மானிட்டர் ஸ்பீக்கரும் ஸ்பாஞ்சும் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில், நடுவில் கட்டில், மேலே ஆஸ்பெஸ்டாஸ், அங்கே மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் அடித்தொனி சுவரில் மோதி மோதி ஓர் இடத்தில் வீங்கும், ஓர் இடத்தில் காணாமல் போகும். ஒரு அங்குல ஸ்பாஞ்ச் அதைத் தடுக்காது, கைதட்டல் எதிரொலியைத்தான் குறைக்கும். மெத்தையைச் சுவரில் சாய்த்து வைப்பது அதைவிட மேல். பேஸ் விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னது ஸ்பீக்கர் இல்லை, எங்கள் ஊர் மினிபஸ்.

ஹிப் ஹாப்பில் பேஸ் என்றதும் 808 என்பார்கள், அது ரோலண்ட் கம்பெனி 1980இல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற டிரம் மெஷின். அப்போது அதிகம் விற்காமல் இரண்டு மூன்று வருஷத்தில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள், பழைய விலைக்கு வந்ததை ஹிப் ஹாப்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். (பார்த்தீர்களா, இங்கேயும் கழித்துக் கட்டிய சாமான்தான்.) அதன் கிக் சத்தம் நீளமாக இழுக்கும், அதையே சுருதி சேர்த்து பேஸாக வாசிப்பது இன்றைய வழக்கம். சுருதி சேர்ப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்தேன், மேலே ஒரு ராகம் கீழே ஒரு ராகம் என்று ஓடியது. இந்தச் சத்தம் 40, 50 ஹெர்ட்ஸில் கிடக்கும். கைப்பேசி ஸ்பீக்கரில் அது சுத்தமாகக் கேட்காது. கேட்கவில்லையே என்று நான் ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். பென் டிரைவில் போட்டு மினிபஸ் டிரைவரிடம் கொடுத்து ஓடவிடச் சொன்னேன். சீட்டுக்கு அடியில் பெரிய சப்வூஃபர் (அடித்தொனி ஸ்பீக்கர்) வைத்திருப்பவர் அவர். கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது, ஸ்னேர் எங்கே போனதென்று தெரியவில்லை. 808இன் அளவைக் குறைத்துவிட்டு, அதில் கொஞ்சம் செயற்கையாகக் கரகரப்பைச் சேர்த்தால், மேல் தொனிகள் முளைத்துக் கைப்பேசியிலும் அதன் சாயல் கேட்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கிக்கும் 808உம் ஒரே நேரத்தில் விழுந்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும், ஒன்றைக் குட்டையாக்கிவிட வேண்டும்.

அன்றைக்கு அந்த பஸ்ஸில் இரண்டு நிமிஷம் ஓடிய பிறகு, மடியில் பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா டிரைவரிடம், "தம்பி, பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். நான் பின் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயம். ஒரே லூப் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு பாருக்கு ஒருமுறை கிக்கை நிறுத்திப் பார்ப்பது, வரி பாடுகிறவன் வரும் இடத்தில் பியானோவை எடுத்துவிடுவது, அதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு கற்றது. 12,000 ரூபாய் வகுப்பில் யாரும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் வேண்டுமே என்றால், வீட்டில் இருக்கிற பழசு போதும். பீட் போடுகிற மென்பொருள்களில் எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். பேண்ட்லேப் கைப்பேசியிலேயே ஓடும், அதுவும் இலவசம். எஃப்எல் ஸ்டூடியோவை டிரையலாகப் போட்டுக்கொண்டால் எல்லா வசதியும் வரும், சேமிக்கலாம், ஆனால் சேமித்த வேலையைப் பணம் கட்டாமல் மறுபடி திறக்க முடியாது. முதல் ஒரு வருஷம் நான் அப்படித்தான் ஓட்டினேன். உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும், நடுவில் கரண்ட் போனால் போனதுதான். எரிச்சலாக இருந்தாலும், ஆரம்பித்ததை முடிக்கிற புத்தி எனக்கு வந்தது அதனால்தான், பணம் கட்டி வாங்கிய பிறகு அரைகுறையாகக் கிடப்பதே முப்பதுக்கு மேல். இந்த மென்பொருளை அன்று ஃப்ரூட்டி லூப்ஸ் என்பார்கள், பொம்மை என்று சிரிப்பார்கள். வட கரோலினாவின் பீட்காரர் நைன்த் வொண்டர் அதை வைத்தே 2003இல் ராப் பாடகர் ஜே-ஸியின் ஆல்பத்துக்கு ஒரு பீட் கொடுத்தார். ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரின் 2017 ஆல்பம் மறு வருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது, அதில் ஒரு பாட்டுக்கு ஸ்டீவ் லேசி என்ற இசைக்காரர் பீட்டைத் தொடங்கியது ஐபோனில். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வயர் வைத்த ஒரு ஹெட்போன் வாங்கலாம். புளூடூத் வேண்டவே வேண்டாம், நீங்கள் தட்டிய பிறகுதான் சத்தம் காதுக்கு வரும், மேலே சொன்ன 13 மில்லி நொடி விவகாரம் எல்லாம் அதில் அடிபட்டுப்போகும். ராத்திரியில் ஹெட்போன் சத்தத்தைக் கூட்டாதீர்கள், எனக்கு ஒரு வாரம் காதுக்குள் வண்டு ரீங்காரம் இருந்தது.

உங்கள் கட்டுரை ஓர் இடத்தில், இளையராஜா பாட்டிலிருந்து துண்டு எடுத்துப் பழகலாம் என்று சொல்கிறது. பழகுவதற்குச் சரி. வெளியே விடுவதற்கு? அதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் லண்டனிலிருந்து பாடுகிற மாயா அருள்பிரகாசம் 2007இல் தன் ஆல்பத்தில் 'தளபதி' படப் பாட்டை எடுத்தாண்டிருக்கிறார், கேட்டால் நமக்கு உடனே பிடிபடும். இந்த மாதிரி எடுத்தாளுவதற்கு முறைப்படி உரிமை வாங்க வேண்டும், அதைக் கேட்டு நடத்தித்தர ஆள் இருக்க வேண்டும், மதுரையில் ஒரு காலேஜ் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? இதில் இரண்டு உரிமை உண்டு, பதிவான ஒலிக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிக்கும் இன்னொன்று. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம், ஆனால் மெட்டுக்கும் வரிக்கும் அதை ஆக்கியவர் இறந்ததற்குப் பிறகு 60 வருஷம். பழைய பாட்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்பதெல்லாம் ஆகாது. அமெரிக்காவில் 1991இல், பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்ததற்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீது வந்த வழக்கில் நீதிபதி தீர்ப்பையே 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையுடன் தொடங்கினார், அதிலிருந்து அங்கே துண்டு எடுக்கிற முறையே மாறிப்போனது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் டிரம் வாசித்த கிளைட் ஸ்டப்பில்ஃபீல்ட், 1970இல் வெளிவந்த ஒரு பாட்டில் சில நொடி தனியாக வாசித்ததை நூற்றுக்கணக்கான ஹிப் ஹாப் பாட்டுகள் எடுத்துக்கொண்டன. பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லாததால் அவருக்கு அதிலிருந்து ஒன்றும் சேரவில்லை. உறுமி அண்ணனிடம் கேட்டுக்கொண்டு பதிவு செய்தேன் என்று மேலே எழுதியது பெருமைக்கு இல்லை, இவரைப் பற்றிப் படித்த பிறகு கேட்காமல் எடுக்கக் கை வரவில்லை.

மருமகனிடம் போனில் பேசினேன். "மாமா, நீங்க பழைய ஆளு, இப்ப எல்லாம் செட்டப் இருந்தாத்தான் மதிப்பாங்க" என்றான். கோபப்படவில்லை, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பாட்டைச் சொல்லி, முதல் பாரில் கிக் எத்தனை முறை விழுகிறது என்று கேட்டேன். நாலு என்றான். நல்லாக் கேளு மாப்ளே என்றேன். மறுநாள் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ்: "அஞ்சு. ஒண்ணு ரொம்ப மெதுவா இருக்கு." நோட்டு வாங்கிவிட்டானாம். இப்போது இரண்டாவது பாரில் இருக்கிறான். ஆனாலும் ஃபிரிட்ஜ் கதவில் அந்தப் பக்கம் இன்னும் ஒட்டியேதான் இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்தக் கட்டத்தைத் திருத்தி ஒருமுறை போடுங்கள். கணக்கு நோட்டு, பென்சில், வீட்டில் இருக்கிற போன், வயர் ஹெட்போன், அரைப் பெட்டி தீக்குச்சி. மற்றது எல்லாம் ஒரு வருஷத்துக்குப் பிறகு, தேவை என்று தோன்றினால். நான் சொன்னால் அக்கா கேட்க மாட்டாள், பேப்பரில் வந்தால் கேட்பாள். சீட்டு ஏலம் 20ஆம் தேதி, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
அச்சக டிசைனர் ஒருவன்,
சிவகாசி.

(பெயர் போட வேண்டாம். கட்டிங் மெஷினைப் பதிவு செய்த கதை முதலாளிக்குத் தெரியாது, அவரும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்.)